மூன்றாவது கேட்டுக்குக் குண்டூசி இல்லை

அதனால் முதலில் அழுகையை நிறுத்து, லின்னட். சவப்பெட்டிக் கடைக்காரருக்குப் போன் போட்டு விசாரிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். உன் சித்தப்பா உயிரோடுதான் இருக்கிறார். இந்த நிமிஷம் பின்பக்கத்தில் கோழிகளைத் திட்டிக்கொண்டிருக்கிற சத்தம் அடுப்படி மேஜை வரைக்கும் எனக்குக் கேட்கிறது. உனக்கு யாரோ சொன்னது பொய் என்றும் சொல்லமாட்டேன். ஆறு பேர் அவரைப் பலகையில் கிடத்தித் தோளில் சுமந்துகொண்டு ஐவ்சன் வயல் வழியாக எபெனேசர் சபைக்குப் புறப்பட்டது உண்மை. பின்னால் நான் கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு போனதும் உண்மை. ஆனால் அது சாவு இல்லை, கவுன்சில் வேலை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் லின்னட்டுக்கு, ஸ்கெல்பெக்கிலிருந்து உன் மார்ஜரி சித்தி எழுதிக்கொள்வது. அவசரத்தில் கால் முன்னாலும் தலை பின்னாலுமாக ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் பிளிமத்தில் சுகமாக இருக்க தினமும் முழங்காலில் நின்று, இப்போது முட்டிவலியால் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபிக்கிறேன். அவருக்குத் தெரியும், முட்டி கொடுத்தவர் அவர்தானே.

உன் சித்தப்பாவுக்கு இலையுதிர்காலத்தில் மார்ச்சளி பிடித்ததும் படுக்கையில் விழுந்ததும் உனக்கு எழுதியிருந்தேன். சளி கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டது. மனுஷன்தான் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, முதுகில் தட்டிப் பார்த்து, "நுரையீரல் சுத்தமா இருக்கு, காலும் நல்லா இருக்கு, எழுந்து நடங்க செப்டிமஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, "டாக்டருக்கு என்ன தெரியும், நான் புறப்படத் தயாராயிட்டேன்" என்றார். அன்றிலிருந்து புறப்பாடுதான். எந்தப் பாட்டுப் பாட வேண்டும், யார் ஜெபிக்கக் கூடாது, சமாதியில் என்ன எழுத வேண்டும் என்று படுத்தபடியே உத்தரவு. நானும் தட்டைக் கொண்டுபோய் வைப்பதும், காலியாக எடுத்துக்கொண்டு வருவதுமாக இருந்தேன். சாகப்போகிற மனுஷன் பன்றிக்கறியை மூன்று துண்டு சாப்பிடலாமா என்று ஒருநாள் கேட்டதற்கு, "வழிப்பயணம் நீளம், மார்ஜரி" என்றார்.

சிரிக்காதே. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் படுத்தே கிடந்தால் படுத்தபடியே போய்விடுவார்கள், நம் பள்ளத்தாக்கில் அப்படிப் போனவர்களை எண்ணினால் இரண்டு கைவிரல் போதாது. இத்தனை உத்தரவுக்கும் நடுவில் அவர் நிஜமாகவே கேட்டது ஒன்றே ஒன்று. "எங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போன வழியா என்னைத் தூக்கிட்டுப் போகணும். தார்ரோட்டுல வண்டியில வச்சு என்னைக் கொண்டுபோகாத." உனக்குத்தான் தெரியுமே, நம் வீட்டுக் கொல்லையிலிருந்து ஐவ்சனுடைய மூன்று வயல், மூன்று கேட், அப்புறம் எபெனேசர். அப்பாவுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்கவேண்டும் என்று ஒரு மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் என்ன சொல்வாய்? கர்த்தர் சாட்சியாக, 'ஆகட்டும்' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் ஐவ்சன் ஞாபகத்துக்கு வந்தார்.

கோமாரி வந்த வருஷம் பாதையெல்லாம் மூடினார்களே, கேட்டுக்குக் கேட் மருந்தில் நனைத்த வைக்கோலைப் போட்டு, சிவப்பு எழுத்தில் பலகை தொங்கவிட்டு. நோய் போயிற்று, மற்ற எல்லாரும் திறந்தாயிற்று. ஐவ்சன் மட்டும் திறக்கவில்லை. பலகையில் எழுத்து வெளுத்துப் போய்விட்டது, கேட்டைக் கட்டியிருக்கிற கயிறு மட்டும் புதுசு புதுசாக மாறும். அந்த வழி சர்க்கார் வரைபடத்தில் இருக்கிற பாதை இல்லையாம், அதனால் யாரும் ஒன்றும் கேட்க முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நாங்கள் எல்லாரும் குன்றைச் சுற்றித் தார்ரோட்டில் யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு போகிறோம். சரி, கேட்டால் கொடுக்காமலா போவார் என்று போனேன். மனுஷன் பட்டியில் ஆடுகளுக்கு வாயில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு ஆட்டைக் கால் இடுக்கில் பிடித்தபடியே கேட்டார்.

"இந்தா பாரு மார்ஜரி. செப்டிமஸ் உயிரோட வரட்டும், தோள்ல கை போட்டு நானே கூட்டிட்டுப் போறேன். பெட்டியில வந்தா கேட் திறக்காது."

"ஏன்யா, செத்த மனுஷன் உன் புல்லையா மேயப்போறார்?"

"அவர் மேயமாட்டார். அவருக்குப் பின்னாடி வர்ற டவுன்காரன் மேய்வான். ஒரு பொணம் ஒரு தடவை தாண்டிச்சுன்னா அந்த வழி அன்னைலேர்ந்து பொதுப்பாதை, காலாகாலத்துக்கும். அப்புறம் நாயும் பையும் சாப்பாட்டு டப்பாவுமா வந்து என் ஆட்டுக்குட்டி நடுவுல உக்காந்துக்குவானுங்க."

இதை நான் மறுக்க முடியவில்லை, லின்னட். பிணம் போன வழி பொதுவழி என்பது நம் பக்கத்தில் பால்குடி மறக்கும்போதே தெரிந்துகொள்கிற சட்டம். இருந்தாலும், "இவங்க அப்பாவைத் தூக்கிட்டுப் போனாங்களே, அது என்ன கணக்கு?" என்று மடக்கினேன்.

"எங்க அப்பா இருந்தவரைக்கும் ஒரு பெட்டியும் இந்தக் கேட்டைத் தாண்டினதில்ல."

"பொய் சொல்லாத ஐவ்சன். ஞாயித்துக்கிழமை சபையில பாடுற வாய் அது."

அவர் ஆட்டை விட்டார். ஆடு என் மேல் பாய்ந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது. ஐவ்சன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் காத்திருக்கேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். கேட் திறக்கிற வரைக்கும் சாகவும் மாட்டாராம், எழுந்திருக்கவும் மாட்டாராம். ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்?

இந்த நேரத்தில்தான் கவுன்சிலிலிருந்து தம்சின் என்று ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், தெற்கத்திப் பேச்சு, பூப்போட்ட ரப்பர் பூட்ஸ். நாட்டுப்புறத்தில் பொதுஜனம் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்று கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்ல ஊருக்கு ஊர் குழு வைக்கச் சொல்லிப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். அவள் எபெனேசரின் ஓய்வுநாள் பள்ளி அறையைக் கூட்டத்துக்குக் கேட்டாள். சாவி என்னிடம். குளிர்காய்கிற அடுப்பும் என் பொறுப்பு. தேநீரும் நான்தான் போடுவேன் என்று சொல்லாமலே ஆகிவிட்டது.

கூட்டத்தன்று நல்ல மழை. அந்தத் தரையை அன்று காலைதான் மண்டியிட்டுத் தேய்த்திருந்தேன், அதனால் வாசலில் நின்றுகொண்டு, ராஜாவே வந்தாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் காலுறையோடு உள்ளே வந்தார்கள். இந்தப் பக்கம் விவசாயிகள், அவரவர் அப்பா உட்கார்ந்த பெஞ்சில். அந்தப் பக்கம் டவுனிலிருந்து வந்த நடைச் சங்கத்துக்காரர்கள், அடுப்பை ஒட்டி. அவர்களுக்குத் தலைவர் பில்லிங், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். தொப்பியில் துளி இடமில்லாமல், ஏறின மலைக்கெல்லாம் ஒவ்வொன்று வீதம் பித்தளை வில்லை குத்தியிருப்பார். ஐவ்சன் பெருவிரல் வெளியே தெரிகிற காலுறையோடு வந்து, அதை மற்ற காலால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தம்சின் எழுந்து, நிலக்காரர் பாதி, நடக்கிறவர் பாதி இருக்கவேண்டும், தலைவர் இரண்டிலும் சேராதவராக இருந்தால் நல்லது என்றாள். எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இரண்டிலும் சேராத மனுஷப்பிறவி அந்த அறையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"உங்களுக்கு நிலம் இருக்கா, ஆன்ட்டி?"

"குடியிருக்கிற வீடே வாடகை, கண்ணு."

"நடக்கப் போவீங்களா?"

"முட்டி விடாதும்மா."

"அப்ப நீங்கதான் தலைவர்!" என்று கைதட்டினாள். இப்படித்தான் உன் சித்தி, நிலமும் இல்லாமல் நடையும் இல்லாமல், நிலத்திலே நடக்கிறதுக்கான குழுவுக்குத் தலைவி ஆனாள். சவுல் கழுதையைத் தேடிப் போய் ராஜாவானான், நான் கரண்டியைத் தேடித் திரும்பினேன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் முதல் காரியமாக ஜெபத்தோடு ஆரம்பிக்கலாம் என்றேன்.

"கவுன்சில் கூட்டத்துல ஜெபமா? இது பொதுக் காரியம்மா" என்று பில்லிங் எழுந்தார்.

"ஜெபம் இல்லன்னா டீ இல்ல, வாத்தியாரே."

தலை குனிந்தார். நீளமாகவே ஜெபித்தேன்.

அப்புறம் தம்சின், "நாம எதையும் உத்தரவு போட முடியாது, ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம், கவுன்சில் கேட்கலாம், கேட்காமலும் விடலாம்" என்று விளக்கினாள்.

"எங்க வீட்டுக்காரி இருபத்தஞ்சு வருஷமா அதைத்தான் பண்றா" என்றார் ஐவ்சன். "அவளையே சேத்திருக்கலாம்."

விவசாயிகள் சிரித்தார்கள். பில்லிங் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, இந்தப் பள்ளத்தாக்கில் திருட்டுத்தனமாக மூடிக்கிடக்கிற பாதைகளில் முதலாவது ஐவ்சன் வயல்பாதை என்றார். ஐவ்சன், "என் நிலத்துல என் கேட்டு, உங்க டவுன் வீட்டு வரவேற்பறையில நான் ஆடு மேய்க்க வந்தா விடுவீங்களா?" என்று கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். போய்விட்டார் என்றால், வாசலுக்குப் போனார். பூட்ஸ் கழற்றிப் போட்டிருக்கிறதே! அந்த மலைப் பூட்ஸுக்கு நீளக் கயிறு, ஈரத்தில் முடிச்சு வேறு விழுந்திருக்கிறது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலை மாட்டுவதற்குள் நான் டீயும், பழக்கேக்கும், அதன் மேல் ஒரு கெட்டித் துண்டு சீஸுமாகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஒரு கையில் டீ, ஒரு கையில் கேக், பூட்ஸை எப்படிக் கட்டுவது? சாப்பிட்டு முடித்தார், கோபமும் முடிந்தது, கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அன்று அவர் மூன்று தடவை கூட்டத்தைப் புறக்கணித்தார், லின்னட், ஒரு தடவைகூட வாசலைத் தாண்டவில்லை.

நான் தலைவி என்ற முறையில் விஷயத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார், அவருக்கு இந்த வழி வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட் திறக்குமா திறக்காதா என்று கேட்டேன். ஐவ்சன் பிணச் சட்டத்தைச் சொன்னார். பில்லிங் துள்ளிக் குதித்தார். "அதேதான்! தலைவியம்மாவோட மாமனாரை அந்த வழியாத்தான தூக்கிட்டுப் போனாங்க? அப்பவே அது பொதுப்பாதை ஆயாச்சு! வழக்கு முடிஞ்சுது!" ஐவ்சன், "ஒரு பெட்டியும் தாண்டல" என்றார். நான், "தாண்டிச்சு" என்றேன். தாண்டல, தாண்டிச்சு, தாண்டல என்று பாட்டுப் போலப் போய்க்கொண்டிருந்தபோது தம்சின் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"மன்னிக்கணும். அப்படி ஒரு சட்டமே கிடையாது."

வெந்நீர்ப் பாத்திரம்கூடக் கொதிப்பதை நிறுத்தின மாதிரி இருந்தது.

"எப்படிக் கிடையாது?" என்றார் ஐவ்சன்.

"பொணத்தைத் தூக்கிட்டுப் போறதால மட்டும் ஒரு வழி பொதுப்பாதை ஆகாது. எல்லாரும் நம்பறாங்க, ஆனா எந்தச் சட்டத்துலயும் இல்ல."

"பாப்பா, எங்க அப்பா இந்தக் கேட்டுல நின்னு மழையில மூணு பொணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கார். ஒண்ணு அவரோட சொந்தச் சின்னம்மா. அது சும்மாவா?"

அவர் முகம் சிவந்ததைவிடப் பில்லிங் முகம் அதிகமாகச் சிவந்துவிட்டது. ஏனென்றால் அவர் இத்தனை வருஷமாக நடைச் சங்கத்துக்குப் பிணப்பாதை, பிணப்பாதை என்று வகுப்பெடுத்துக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார். "யம்மா, நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. அது ஆதிகாலத்து உரிமை" என்றார். "வாத்தியார் சரியாச் சொல்றார்" என்றார் ஐவ்சன். "ஐயா சொல்றதுதான் நியாயம்" என்றார் பில்லிங். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ரெண்டு மனுஷரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். முடிவில், பிணம் போன வழி பொதுவழி என்பது சட்டத்தில் இல்லையென்றால் சட்டம்தான் தப்பு என்று கவுன்சிலுக்கு ஆலோசனை சொல்லலாம் என ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். நம் குழுவின் முதல் ஆலோசனை அதுதான். தம்சின் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

எனக்குக் கேட் திறக்கவில்லை. தலைவி ஆகியும் அழுகைதான் வந்தது. கேக் தட்டைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அப்போது ஐவ்சன், தானாகவே, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "எங்க தாத்தா காலத்துல ஒரு வழக்கம் இருந்துச்சாம். கேட்டுக்குக் கேட் ஒரு குண்டூசி வாங்கிக்குவாராம். வாங்கிட்டா அது கூலி. கூலி வாங்கிட்டு விட்டா, அனுமதியோட போனதாத்தான கணக்கு? உரிமையில்லையே?"

தம்சின் துள்ளினாள். "அது சரி! அனுமதியோட போனா உரிமை வராது. சட்டப்படியே சரி!"

அவள் வாயிலிருந்து 'சட்டப்படி சரி' என்று கேட்டதும் அறை முழுக்க ஒரு பெருமூச்சு. ஐவ்சனுக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தோஷம். பில்லிங் மட்டும், "நடக்கறதுக்கு அனுமதி கேக்கறதாவது, குண்டூசியோ தங்கக்காசோ, கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று முணுமுணுத்தார். அப்புறம் அவரே, அந்தக் கேட்டுகள் ஆறு பேர் ஒரு பெட்டியோடு போகிற அகலம் உண்டா என்று குழு நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதவேண்டும் என்றார். கை தூக்கினார்கள். பார்க்கவேண்டிய நாளும் குறித்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதுதான் தப்பு. உன் சித்தப்பா மாசக்கணக்கில் முதல்தடவையாகத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அகலம் பாக்கறதா? வெறும் பெட்டியை வச்சா? பாரம் இல்லாம எப்படித் தெரியும்? என்னை வச்சுப் பாக்கச் சொல்லு."

"உயிரோட இருக்கிற மனுஷனையா?"

"ஒத்திகைன்னா ஒழுங்கா நடக்கணும், மார்ஜரி. அன்னைக்கு வந்து கேட்டுல மாட்டிக்கிட்டா என்னால எறங்கி வந்து சொல்ல முடியுமா?"

இதற்கு நீயே பதில் சொல். சவப்பெட்டிக்காரர் உயிருள்ள ஆளுக்குப் பெட்டி இரவல் கொடுக்கமாட்டேன் என்று கும்பிட்டுவிட்டார். கடைசியில் சபையின் நீள டீ மேஜைப் பலகையைக் கொண்டுவந்தார்கள், அறுவடைப் பண்டிகைக்குப் போடுவோமே, அதுதான். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் டையும் போட்டு, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்து, இறகுப் போர்வையைச் சுற்றி, காதுவரைக்கும் தொப்பியை இழுத்துவிட்டு அவரைக் கிடத்தினோம். இந்தப் பக்கம் மூன்று விவசாயி, அந்தப் பக்கம் பில்லிங்கோடு மூன்று நடைக்காரர். ஐவ்சன் முன்னால், கேட்டுக்குக் கேட் கை நீட்ட. தம்சின் அளவு நாடாவோடு. நான் கறுப்புத் தொப்பியில், கோட் காலரில் மூன்று குண்டூசியைக் குத்திக்கொண்டு.

விவசாயிகள் சாவு நடை நடந்தார்கள், நடைக்காரர்கள் மலை ஏறுகிற எட்டு வைத்தார்கள், பலகை கோணிக்கொண்டே போயிற்று. "இடது! வலது! இடது!" என்று பில்லிங் கத்தினார். "பள்ளிக்கூடம் இல்ல வாத்தியாரே, பொணம்" என்றார் ஒரு விவசாயி. "நான் பொணம் இல்ல, சாயாம பிடிங்கடா" என்றார் உன் சித்தப்பா. குன்றின் மேலே ரோட்டில் போன பால்வண்டிக்காரர் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். நானும் பார்த்தேன். உனக்குச் செய்தி போனது அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன்.

முதல் கேட். ஐவ்சன் கையை நீட்டினார், குண்டூசி கொடுத்தேன், கயிற்றை அவிழ்த்தார். நாள்பட்ட முடிச்சு, பல்லால்தான் அவிழ்த்தார். தம்சின் அளந்து, "போதும்!" என்றாள். இரண்டாவது கேட்டும் அப்படியே. மூன்றாவதற்கு வரும்போது மலையிலிருந்து காற்று எப்படி அடித்தது தெரியுமா, கண்ணில் நீர் வருகிற காற்று, எனக்குத் தொப்பியைப் பிடிக்கவா, முட்டியைப் பிடிக்கவா என்று ஆகிவிட்டது. ஐவ்சன் கையை நீட்டினார். காலரைத் தடவினேன். குண்டூசி இல்லை.

"சேத்துல விழுந்திருக்கும் ஐவ்சன், அப்புறம் தர்றேன், விடு."

"அதெப்படி? கூலி வாங்காம விட்டா அது உரிமையாயிடும். குழுவே வந்திருக்கு, கவுன்சில் வந்திருக்கு, இத்தனை சாட்சி. மாட்டேன்."

எல்லாரும் சட்டையைத் தடவிப் பார்த்தார்கள். தம்சினிடம் இல்லை. விவசாயிகளிடம் கட்டுக்கயிறு தவிர வேறெதுவும் எப்போதும் இருந்ததில்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பில்லிங்கின் தலையைப் பார்த்தோம். தொப்பி முழுக்க வில்லை, வில்லை முழுக்க ஊசி.

"முடியாது" என்றார் பில்லிங், பலகையின் மூலையைத் தோளில் வைத்துக்கொண்டே. "என் வாழ்நாள்ல நடக்கறதுக்கு யார்கிட்டயும் கூலி கொடுத்ததில்ல. கொடுக்கவும் மாட்டேன்."

"ஒரு ஊசிய்யா!"

"ஊசி இல்லம்மா. உரிமை."

"வாங்காம நான் விடமாட்டேன்" என்றார் ஐவ்சன்.

"கொடுத்துட்டு நான் போகமாட்டேன்" என்றார் பில்லிங்.

தம்சின், இதற்குக் குழு ஆலோசனை சொல்லலாம் என்றாள். ஆறு பேர் தோளிலும் பலகை நடுங்குகிறது, காற்று போர்வைக்குள் புகுந்து படகுப்பாய் மாதிரி உப்புகிறது, ஒரு ஆடு வந்து கீழே தொங்குகிற போர்வை நுனியை மோந்து பார்க்கிறது. நான் மனசுக்குள், ஆண்டவரே இந்த வழியாகத்தான் கொண்டுபோகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், கேட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டீரே என்று முறையிட்டேன். அப்போது மேலேயிருந்து சத்தம் வந்தது. பரலோகத்திலிருந்து இல்லை, பலகையிலிருந்து.

"ரெண்டு பேருக்கும் அறிவிருக்கா? எனக்குக் காது விறைச்சுப் போச்சு! ஐவ்சன், உயிரோட போறவனுக்கு ஊசி உண்டா?"

ஐவ்சன் யோசித்தார். "உயிரோடன்னா... கிடையாது."

"பில்லிங், உயிரோட ஒருத்தன் ஒரு கேட்டுல போனா உங்க கொள்கைக்கு ஏதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்ப எறக்குங்கடா!"

இறக்கினார்கள். எழுந்தார், லின்னட். போர்வை சுற்றினபடியே, டை காற்றில் தோளுக்குப் பின்னால் பறக்க, காலுறையோடு சேற்றில் நின்றார். ஒரு நொடி ஆடினார். ஐவ்சன் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டுக்கொண்டார். இருவரும் கேட்டைத் தாண்டினார்கள், வயலைத் தாண்டினார்கள், போகிற வழியெல்லாம் ஐவ்சனுடைய ஆடுகள் மெலிந்திருக்கின்றன என்று உன் சித்தப்பா குற்றம் சொல்லிக்கொண்டே போனார். போதகர் வாசிப்பாரே, நாலு பேர் சுமந்துகொண்டு வந்த அந்தப் பக்கவாதக்காரன், அவனாவது எழுந்ததும் தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தான். இவர் அதைக்கூடச் செய்யவில்லை. பில்லிங்கும் மற்றவர்களும்தான் காலிப் பலகையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நான் அழுதேன், சிரித்தேன், சங்கீதம் பாடினேன், எல்லாம் ஒரே மூச்சில், முட்டியை மறந்து அந்த வயல் முழுக்க நடந்தேன். எபெனேசரில் போய் அதே பலகையை மேஜையாகப் போட்டு, அதன் மேலேயே ஹாம் சாண்ட்விச்சும் இஞ்சிக் கேக்கும் வைத்தோம். சித்தப்பா சாப்பிட்டதைப் பார்த்துத் தம்சின் பயந்துவிட்டாள்.

அன்றிலிருந்து படுக்கவில்லை. பகலில் படுத்தால் ஐவ்சன் பார்த்துவிட்டுப் பலகையோடு வந்துவிடுவாராம். கேட்டும் திறந்துதான் இருக்கிறது, ஏனென்றால் உயிரோடு போகிறவர்களுக்கு ஊசி கிடையாது என்று ஐவ்சன் தன் வாயால் குழு முன்னால் சொல்லிவிட்டார், பில்லிங் அதை அப்படியே எழுதச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வயல் வழியாகவே சபைக்குப் போகிறோம். மூன்றாவது கேட்டில் ஐவ்சன் வீட்டுக்காரி நின்று கையாட்டுகிறாள். செத்தவர்களுக்குத்தான் இனிமேல் ஊசி, அதற்கு நான் ஒரு டப்பா வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே, அவர் அப்பா போன வழியாகத்தான் அவரும் போவார், ஆனால் அவசரமில்லை என்று கர்த்தரிடமும் அவரிடமும் சொல்லியாகிவிட்டது. நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருக்கிறது, கண்ணு. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

குழந்தைகளின் தலையில் என் பேரைச் சொல்லிக் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணு. பெரியவனுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன், பெருவிரல் பக்கம் இரட்டை நூலாக. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். உங்களைக் காக்கிறவர் உறங்காமல் காக்கட்டும்.

உன் அன்புச் சித்தி,
மார்ஜரி
(தலைவி)

பின்குறிப்பு: உறையை நக்கி ஒட்டப்போன நேரத்தில் கை நின்றுவிட்டது. பால்வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றினார் என்று மேலே எழுதினேன் பார், அதிலிருந்து ஏதோ மனதில் குடைந்துகொண்டே இருந்தது. உன் தாத்தா இறந்தது பெரிய பனி வருஷம். நான் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம். உன் சித்தப்பா கிடா விற்கப் போன இடத்தில் பனியில் மாட்டிக்கொண்டு, அடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். வந்ததும், "அப்பாவை வயல் வழியாத்தானே தூக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டார். உன் அப்பாதான், அழுதுகொண்டிருக்கிற தம்பியிடம் வேறென்ன சொல்ல என்று, ஆமாம்டா என்றார். அப்புறம் எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி, நானும் சொல்லிச் சொல்லி... லின்னட், வயலில் கல்சுவர் மட்டத்துக்குப் பனி. கேட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. உன் தாத்தா பால்வண்டியில்தான் போனார், காலிப் பால்கேன்களுக்கு நடுவில், குன்றைச் சுற்றித் தார்ரோட்டு வழியாக. எனக்குத் தெரியும், மலர்வளையங்களை மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.